பட்டறை மேசைக்கு லின்சீட் எண்ணெயா, பியூவா?

மாம்பலகையில் பட்டறை மேசை செய்து முடித்ததும், மேலே என்ன பூசலாம் என்று மூன்றைப் பார்த்தேன்: பிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு), பியூ கோட்டிங் (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு), லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்). எண்ணெயைத்தான் பூசினேன். இன்னொரு மேசை செய்தாலும் அதையே பூசுவேன். மரத்துக்குப் பூசும் இன்னொரு எண்ணெயான டங் எண்ணெயை நான் தொட்டதில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் அது இல்லை.

பிரெஞ்சு பாலிஷ் பட்டறைக்கு ஒத்துவராது. அதிலுள்ள அரக்கு, காய்ந்த பிறகும் ஸ்பிரிட் பட்டால் கரையும், சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

பியூவை அப்படித் தள்ளிவிட முடியாது. தண்ணீரையும் கறையையும் எண்ணெயைவிட நன்றாகத் தாங்கும். சாப்பாட்டு மேசைக்கு அதுதான் சரி. சாரல் அடிக்கிற தாழ்வாரத்தில் கிடக்கும் மேசைக்கும் அதையே யோசிக்கலாம்.

ஆனால் பட்டறை மேசை அடி வாங்கவென்றே இருப்பது. உளி வழுக்கும், ரம்பம் கீறும், சுத்தியல் விழும். பியூ மரத்தின் மேல் படலமாக நிற்கிறது. ஓரிடத்தில் அது உடைந்தால் அந்த வழியே ஈரம் புகுந்து சுற்றிலும் உரியத் தொடங்கும். அங்கே மட்டும் பூசினால் திட்டாகத் தெரியும். ஒழுங்காகச் செய்ய முழுப் பலகையையும் தேய்த்தெடுக்க வேண்டும். எண்ணெயோ மரத்துக்குள் இறங்கி இறுகுவது. கீறிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துணியில் தொட்டுத் தடவினால் பழைய பூச்சோடு சேர்ந்துவிடும். பலகை மேடுபள்ளமானால் இழைப்புளியால் சீவிவிட்டு மறுபடி பூசலாம். அப்புறம், பளபளக்கும் பியூவில் வேலைப் பலகை வழுக்கும். எண்ணெய் பூசிய மரத்தில் அவ்வளவு வழுக்காது.

காய்ச்சிய எண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சாத பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். விட்டால் பிசுபிசுக்கும். ஒரு நாள் காயவிட்டு அடுத்த கோட். அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள், இல்லாவிட்டால் பலகை வளையலாம். கடைசியில் மெழுகு தேய்த்தால், சிந்திய பெவிகால் காய்ந்ததும் சுலபமாகப் பெயர்ந்து வரும்.

துடைத்த துணியில் மட்டும் அலட்சியம் கூடாது. லின்சீட் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு தங்கி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்த கையோடு துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முழுக்கிவிடுங்கள்.