கல்யாண மத்தாப்புப் படம்: கம்பியா, கோல்ட் பைரோவா, எல்.ஈ.டி.யா?

நாற்பது பேரை இரண்டு வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு 15 செ.மீ. கம்பி மத்தாப்பைக் கொடுத்துவிட்டு, ஒருவர் மட்டும் லைட்டரோடு பற்றவைத்துக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். ஒரு கம்பி பிடிக்க 5 நொடி. நாற்பதாவது ஆளிடம் போய்ச் சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். 15 செ.மீ. கம்பியோ ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது பாதிப் பேர் கையில் கருகிய கம்பிதான் இருக்கும். அழகு, செலவு எல்லாம் அப்புறம். எந்த வகையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, பற்றவைக்க எவ்வளவு நேரம், எரிய எவ்வளவு நேரம் என்பதைத்தான்.

கம்பி மத்தாப்பு

கடையில் 7, 10, 12, 15, 30, 50 செ.மீ. என்று கிடைக்கும். படத்துக்கு 30, 50 இரண்டும்தான் உதவும். 50 செ.மீ. கம்பி சுமார் இரண்டு நிமிடம் எரியும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், வாங்கிய பெட்டியிலிருந்து ஒன்றைக் கொளுத்திச் செல்போனில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு ஒரு லைட்டர் என்று வைத்தால் 20 நொடியில் எல்லாம் பிடித்துவிடும். படம் எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். தீக்குச்சி காற்றில் அணையும். அடுப்பு லைட்டரில் வெறும் பொறிதான் வரும், கம்பி பிடிக்காது. காற்றுக்கு அணையாத ஜெட் லைட்டர் வாங்குங்கள்.

நாற்பது பேர் தேவையே இல்லை. பக்கத்துக்கு ஆறு பேர், மொத்தம் பன்னிரண்டு போதும். வரிசையின் கடைசியில் சற்றுத் தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் இடைவெளி சுருங்கி, கூட்டமாகவே தெரியும்.

எலெக்ட்ரிக் கம்பி, கலர் கம்பி, கிராக்லிங் கம்பி என்று மூன்றையும் நீட்டுவார்கள். எலெக்ட்ரிக்கை எடுங்கள். பொறி நிறைய வரும், வெளிச்சம் பொன்னிறமாக இருக்கும், முகத்துக்கு எடுப்பாக இருக்கும். சிவப்பு, பச்சைக் கம்பியில் பொறி குறைவு, புகை அதிகம். முகத்தில் ஏறும் அந்த நிறத்தை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. கிராக்லிங் வெடித்துத் தெறிக்கும், ஆட்கள் நெருங்கி நிற்கும் வரிசைக்கு ஆகாது. பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் தடை இருப்பதால், பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூ.ஆர். கோடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் குறை ஒன்றே, ஆனால் பெரியது. எரியும் முனையின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆரணிப் பட்டோ காஞ்சிப் பட்டோ, பொறி விழுந்தால் ஊசித்துளை போல் ஓட்டை விழும். ஆனாலும் பட்டு சட்டென்று தீப்பிடித்து ஓடாது. நெட் லெஹங்கா, ஜார்ஜெட் துப்பட்டா, பாலியெஸ்டர் கலந்த புடவை இவைதான் ஆபத்து. உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி வேட்டி லேசில் பற்றும். பட்டுப்புடவைக்காரர்களை வரிசையில் நிறுத்தலாம். நெட் துணி போட்டவர்கள் பின்னால் நின்று கைதட்டட்டும்.

கோல்ட் பைரோ

தங்கம் இல்லை, ‘குளிர்’ என்ற பொருளில் வரும் கோல்ட் (cold); மேடையோரம் நீரூற்றுப் போலப் பொறி எழுப்பும் கருவி. வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் மேடை அலங்காரக்காரர்களே இதையும் கொண்டுவருகிறார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, ரிமோட் அழுத்தினால் எரியும் ஒருமுறை குழாய். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மற்றது, டைட்டானியம் போன்ற உலோகத் துகளைச் சூடாக்கி ஊதும் மின் இயந்திரம்; நினைத்தபோது நிறுத்தி, மறுபடி தொடங்கலாம், உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். வாடகை கூடுதலானாலும் இயந்திரத்தைத்தான் சொல்வோம். குழாய் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். படக்காரர் ஃபோகஸ் பிடிக்கும்முன் முடிந்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

யார் கையிலும் நெருப்பு இருக்காது, எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும், புகையும் குறைவு. மேடையேறும் தருணத்துக்கும் மாலை மாற்றுவதற்கும் இதை அடிக்க வேறில்லை. ஆனால் பெயரை நம்பிக் கையை நீட்டக் கூடாது. வாய்ப்பகுதி சுடும், பக்கத்தில் விழும் பொறியும் சுடும். நான்கு பக்கமும் 3 மீட்டர் காலியாக இருக்கட்டும். மேலே துணிப் பந்தலோ தெர்மாகோல் வளைவோ இருந்தால், பொறி எழும் உயரத்தைப் போல இருமடங்கு இடைவெளி வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது இயந்திரம் அணைந்து, மறுபடி சூடேறச் சில நிமிடம் எடுக்கும். அதனால் பொண்ணு-மாப்பிள்ளை வருவதற்குச் சற்று முன்பே ஜெனரேட்டரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உலோகத் துகள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இல்லாமல் ஆபரேட்டரைத் தொடங்க விடாதீர்கள்.

புஸ்வாணமும் எல்.ஈ.டி.யும்

ஜோடிக்குப் பின்னால் புஸ்வாணம் வைத்து நிழலுருவமாக எடுத்த படங்கள் அருமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் புஸ்வாணம் சில சமயம் வெடிக்கும், எது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. பட்டும் நகையும் போட்டு நிற்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பந்தயம் தேவையில்லை.

எல்.ஈ.டி. குச்சியில் பொறி வராது. மத்தாப்பு என்று யாரும் ஏமாறவும் மாட்டார்கள். ஆனால் குழந்தைகள் கையில் கொடுக்கலாம். கண்ணாடி போட்டு மூடிய ஏ.சி. மண்டபத்துக்குள் இதைத் தவிர வேறு வழியில்லை. மலிவான குச்சிகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். வேகமான ஷட்டரில் படத்தில் கோடுகோடாக விழும். 1/50 அல்லது 1/100இல் ஒரு படம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

எந்த இடத்துக்கு எது

மாப்பிள்ளை அழைப்பில் கார் வந்து நிற்கும் மண்டப வாசல், திறந்த வெளி, சிமெண்ட் தரை என்றால் 50 செ.மீ. எலெக்ட்ரிக் கம்பிதான் எங்கள் தேர்வு. கண்ணாடி போட்டு மூடாத மண்டபத்தின் மேடைக்குக் கூரை உயரம் இருந்தால் கோல்ட் பைரோ. ஏலகிரியில் ரிசார்ட் கல்யாணமா? மாசியிலிருந்து வைகாசி வரை புல் காய்ந்து கிடக்கும், காற்றும் சுழலும். எல்.ஈ.டி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டை அகழியோரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே நெருப்புப் பேச்சே வேண்டாம்.

நேரமும் முக்கியம். வேலூரில் சூரியன் தை மாதத்தில் 6.10 வாக்கிலும் வைகாசியில் 6.30 வாக்கிலும் மறையும். அதற்குப் பிறகு இருபது நிமிடம்தான் வானம் நீலமாக இருக்கும். மேக்கப் எப்போதும் தாமதமாகும், அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். தவறிப்போனால் பின்னணியில் மண்டபத்தின் சீரியல் விளக்கு வருமாறு நில்லுங்கள். வெறும் கறுப்பு வானம் படத்தைத் தட்டையாக்கும்.

கேமராவில்

நடந்து வரும் படத்துக்கு எஃப் 2.8 (லென்ஸ் திறப்பு), 1/125 நொடி ஷட்டர், ஐ.எஸ்.ஓ. 800 (ஒளி உணர்திறன்) என்று தொடங்கி, முகத்துக்கு வெளிச்சம் அளந்துகொள்ளுங்கள். பொறியின் நடு வெளுத்துப் போவது பரவாயில்லை. பொறி நீளக் கோடாக வேண்டுமென்றால் ஜோடியை அசையாமல் நிற்கவைத்து 1/30. காற்றில் பெயர் எழுத டிரைபாட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஐந்து முதல் பத்து நொடி. முடிவில் ஒரு ஃபிளாஷ். எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத்தான் வரும், பிறகு திருப்பிக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ணை’ எழுத முயன்று கம்பி தீர்ந்துபோவதைவிட முதல் எழுத்தை மட்டும் எழுதுங்கள். மெய்யெழுத்துப் புள்ளிக்குக் கம்பியை உடம்புக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோய், மேலே ஒரு கணம் காட்டினால் போதும்.

கையில் கொடுக்கும்முன்

வரிசைகளுக்கு நடுவே 3 மீட்டர் வழி. ஆளுக்கு ஆள் ஒரு கை நீளம். கம்பியைத் தலைக்குமேல் தூக்கி வளைவு பிடிக்கச் சொல்லும் படக்காரர்கள் உண்டு. பொறி பொண்ணின் மல்லிகைச் சரத்தில்தான் விழும். தோள் உயரத்தில், 45 டிகிரி வெளிப்பக்கம் சாய்த்துப் பிடிக்கட்டும். முந்தானையைப் பின் குத்திக்கொள்ளட்டும். இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துக் கொளுத்தினால் ஒரே சீறலாகப் பற்றும், கை வெந்துவிடும். சிறுவர்களுக்கும், கார் நிறுத்துமிடத்தில் ‘கொண்டாடிவிட்டு’ வரும் மாமாக்களுக்கும் கம்பி கிடையாது.

கை மட்டுமல்ல, காலும் சுடுபடும். எரிந்து முடிந்த கம்பியைத் தரையில் போட்டுவிட்டுப் போவார்கள். மண்டப வாசலில் பாதிப் பேர் வெறுங்காலோடு இருப்பார்கள். வரிசையின் இரு முனையிலும் அரை வாளித் தண்ணீர் வைத்து, கம்பியை வாங்கிப் போட ஒரு தம்பியை நிறுத்துங்கள். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

கம்பியை உரிமம் உள்ள உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். சென்னையிலிருந்து ரயிலில் பட்டாசு ஏற்றிவருவது குற்றம்; காட்பாடியில் இறங்கும் சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். வாங்கியதை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போடாமல், ஈரமில்லாத அறையில் அடுப்பங்கரைக்கு எட்டத்தில் வையுங்கள்.