எச்.எஸ்.எஸ். உளி என்று சொல்லிப் பதமே இல்லாத இரும்பை அனுப்பினார்கள், 7,450 ரூபாய் போச்சு

மரக் கடைசல் செய்கிறவர்கள், குறிப்பாக இப்போதுதான் பழகுகிறவர்கள், தயவுசெய்து படியுங்கள். கோபத்தோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கட்டையில் தண்டையும் அதில் ஆடும் வளையத்தையும் சேர்த்துக் கடைவோமே, ஒட்டு இருக்காது, வளையம் கழன்றும் வராது, அந்த வேலைக்கென்றே நுனி கொக்கியாக வளைந்த உளி இருக்கிறது. முதலில் உருண்டையாக ஒரு மணி கடைந்து, இரண்டு பக்கமும் பள்ளம் இறக்கி, இந்த உளியை ஒரு பக்கமாக உள்ளே விட்டு மணியின் அடியைப் பாதி அறுத்து, மறுபக்கமிருந்தும் அறுத்தால் இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்கும், வளையம் விடுபட்டுவிடும். நுனி மரத்துக்குள் மறைந்து வேலை செய்கிறது, நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரும்பு நம்பகமானதாக இருந்தே ஆக வேண்டும்.

அக்கா பேத்திக்கு மூன்று வளையம் ஆடுகிற கிலுகிலுப்பை செய்ய நினைத்து, மரவேலைக் கருவி விற்கிற ஒரு ஆன்லைன் கடையில் 6, 9, 12 மில்லிமீட்டர் என்று மூன்று உளி கொண்ட செட் பார்த்தேன். எச்.எஸ்.எஸ்., அதாவது சூட்டிலும் பதம் (கடினம்) குறையாத 'ஹை ஸ்பீட் ஸ்டீல்' எஃகு என்று சொன்னார்கள். 7,450 ரூபாய். போனில் பேசியவர் முதலில் என்ன மரம் என்று கேட்டார். வெட்பாலை என்றேன். "அருமையான மரம் சார், கர்நாடகா சன்னபட்டணத்துல பொம்மைக்கு அதைத்தான் எடுக்குறாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, உப்புத்தாள் போடுறதை வளையம் விடுபடுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, அப்புறம் பிடிக்கவே முடியாது" என்றார். அது கடைந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பினேன். முழுத் தொகையையும் ஜிபேயில் போட்டேன்.

உளி வந்தது. முதல் மணியில் பாதி ஆழம் போவதற்குள் கீச்சென்று சத்தம், நுனி நிமிர்ந்துவிட்டது, வளையம் இரண்டாக உடைந்து முகக் கவசத்தில் வந்து அடித்தது. கவசம் இல்லாமல் இருந்திருந்தால் கண்ணே போயிருக்கும், இதை நினைத்தால்தான் பணத்தை விட அதிகமாகக் கொதிக்கிறது!

போன் செய்தால் அதே மனிதர், இப்போது வேறு குரல். "சாணையில சூடாக்கிப் பதத்தைக் கெடுத்திருப்பீங்க சார்." நான் சாணையில் வைக்கவே இல்லை. வைத்திருந்தாலும் எச்.எஸ்.எஸ். கிட்டத்தட்ட 600 டிகிரி வரை பதம் இறங்காமல் தாங்கும், அதற்காகத்தானே அந்த விலை? அப்புறம் "டீம்ல சொல்லியிருக்கோம்" என்றார்கள். அப்புறம் "பயன்படுத்திய கருவிக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று மெயில். பயன்படுத்தாமல் உளி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? கடைசியில் அடுத்த ஆர்டருக்கு 300 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். போனது 7,450 ரூபாய்.

அதன் பிறகுதான் இன்னொரு உளியைச் சாணையில் வைத்துப் பார்த்தேன். எச்.எஸ்.எஸ். என்றால் மங்கலாக, செம்மஞ்சளாகக் கொஞ்சம் பொறிதான் வரும். இதில் நீள நீளமாக, வெளிர் மஞ்சளில் பொறி கொட்டியது. அரம் வைத்தால் நுனியிலேயே சீவிக்கொண்டு போகிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மரத்தில் வைப்பதற்கு முன் புது அரத்தை நுனிப் பக்கம் லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்க வேண்டும், கடித்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். முடிந்தால் வாங்கவே வேண்டாம், லேத் பட்டறைகளில் தேய்ந்து ஒதுக்கிய எச்.எஸ்.எஸ். பிட் (லேத்தில் வெட்டும் சிறு எஃகுத் துண்டு) சும்மாவே கிடைக்கும், நுனியைக் கொக்கியாகச் சாணை பிடித்து நீளமான கைப்பிடியில் இறுக்கினால் போதும். எப்படியானாலும் முகக் கவசம் போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மூன்று உளி செட் வேறு யாருக்காவது வந்திருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இங்கே சொல்லுங்கள், அவர்களும் புகார் கொடுக்கட்டும்.