23 நாள் வாடகை செடானும் 14 வருட ஹெரால்டும்

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது கியர் போட்டால் தானாகவே நியூட்ரலுக்கு வந்து விழும். மேடேறும்போது அது ஆபத்து. "பத்து நாள் குடுங்க சார்" என்றார் மெக்கானிக். சாமான் வந்துசேர 23 நாள் ஆனது. அதுவரை ஆபீஸ், அம்மாவின் கண் ஆஸ்பத்திரி, கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் எல்லாவற்றுக்கும் செல்ஃப் டிரைவில் ஒரு வெள்ளை செடான் எடுத்தேன். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. திருப்பிக் கொடுக்கும்போது 1,900 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன்.

முதலில் செடானுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். அந்த வண்டி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மே மாத வெயிலில் நின்ற வண்டி ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்துவிடும். கிளட்ச் பஞ்சு மாதிரி. ஹைவேயில் லிட்டருக்கு 19 கொடுத்தது. அம்மா செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். ஹெரால்டில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. திண்டிவனம் பக்கம் மழையில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. ஏறி மிதித்தேன், செடான் நேர்கோட்டில் நின்றது. ஹெரால்டில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக். அந்த இடைவெளியில் அது நின்றிருக்காது. இதை மறைத்துப் பழைய வண்டியைப் புகழ எனக்கு மனம் வராது.

கும்பகோணத்தில் போய் இறங்கியதும் சித்தப்பா கேட்டார்: "ரோடு எப்படிப்பா இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். பண்ருட்டி எப்போது போனது, சேத்தியாத்தோப்பு எப்போது வந்தது என்பதே மங்கலாக இருந்தது. அதே வழியில் ஹெரால்டில் போனபோது, ரோடு வேலை நடந்த இடங்களில் கீழே கிடப்பது ஜல்லியா புதுத் தாரா என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. காரணம் எளிது. செடானில் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஒரு மின் மோட்டார் உதவுகிறது. கை வலிக்காது, ஆனால் சக்கரத்தின் சேதியும் கைக்கு வந்துசேராது. ஹெரால்டில் ரேக் அண்ட் பினியன், அதாவது வெறும் பல்சக்கரமும் பல்தண்டும்தான், இடையில் எந்த உதவியும் கிடையாது. சக்கரம் படுவதெல்லாம் கையும் படும்.

இனி ஹெரால்டு. என்னுடையது 1970-ஆம் வருட வண்டி, நான்கு கதவு. பெரியப்பாவிடமிருந்து என் கைக்கு வந்து 14 வருடம். 948 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. நான் 65-க்கு மேல் விரட்டுவதில்லை. அந்த வேகத்தில் லிட்டருக்கு 12 கிடைக்கும். கியர் பற்கள் உரசாமல் சேர வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. அதனால் வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியர். ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போட வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சரியான அளவு தட்ட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சத்தமில்லாமல் கியர் விழும் அந்த நொடியில் வரும் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

இந்த வண்டியை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. மற்ற கம்பெனிகள் ஒரே கூடாக பாடி செய்யத் தொடங்கியிருந்த காலம். ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபுக்கு அப்படிச் செய்துகொடுக்க ஆள் கிடைக்காததால், தனி சேஸியின் (அடிச்சட்டம்) மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடியாக அமைத்தார்கள். வேறு நாடுகளுக்கு அனுப்பிக் கோப்பதற்கும் அது வசதியாகிவிட்டது. நம் ஊரில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு வந்தது. நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது.

அளவைக் கவனியுங்கள். ஹெரால்டின் நீளம் சுமார் 3.9 மீட்டர். வாடகை செடானின் நீளம் 3,995 மில்லிமீட்டர். 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால், இங்கே சிறிய செடான்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே வந்து நிற்கின்றன. பின்பக்கத்தை வெட்டி டிக்கியை ஒட்டவைத்த தோற்றம் அதனால்தான் வருகிறது. வரைந்தவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்கள் கையில் அளவுகோலைக் கொடுத்தது வரிச் சட்டம். ஆனால் அதைவிடக் குட்டையான ஹெரால்டு, பானெட்டுக்கு பானெட், டிக்கிக்கு டிக்கி என்று முழுமையாக நிற்கிறது. தெருவில் நிறுத்திவிட்டு நடந்தால் இன்றும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

அதைவிடப் பெரிய விஷயம் அது திரும்பும் விதம். 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டு முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்கு விதித்த அளவும் அதுதான். மேற்கு மாம்பலம் சந்துகளில் செடானை முன்னும் பின்னும் மூன்று முறை நகர்த்திய இடத்தில், ஹெரால்டை ஒரே வீச்சில் திருப்பியிருக்கிறேன். முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்த்து, ஒரே பானெட்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் எல்லாம் பார்க்கலாம். கியர்பாக்ஸை இறக்க வண்டிக்குக் கீழே படுக்க வேண்டாம். சீட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியை எடுத்தால் உள்ளிருந்தே வெளியே தூக்கிவிடலாம். பழுது பார்ப்பவரையும் மனதில் வைத்துச் செய்த வண்டி.

ஒரு விஷயத்தில் மட்டும் பயம் வேண்டும். பின்சக்கரம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் மடங்கும் அச்சு. வளைவில் வேகமாகப் போய் நடுவில் பிரேக் அடித்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இங்குள்ள மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து ஸ்டாண்டர்ட் கொண்டுவந்த கஸெல் காரில் சாதாரண ஆக்ஸில் போட்டுவிட்டார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் மரை துருப்பிடித்து, ஒருநாள் சக்கரமே கழன்று சாயும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான்கள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. இந்திய நான்கு கதவின் பின்கதவுக்கு மட்டும் எங்கும் கிடைக்காது. பின்கதவு சிதைந்த வண்டியைத் தொடாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் பெருங்களத்தூரில் டீ குடிக்க நிறுத்தியிருந்தேன். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் வந்து, கேட்காமலே கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார். "ஸ்டாண்டர்ட் கம்பெனில கதவு செக்‌ஷன்ல இருந்தேன் தம்பி. இந்தச் சத்தம் வந்தாத்தான் வண்டியை அடுத்த ஆளுக்குத் தள்ளுவோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கும்பகோணம் போகும்போது அதே இடத்தை செடானில் கடந்திருக்கிறேன். கவனிக்கவே இல்லை.

24-ஆம் நாள் காலை செடானின் சாவியை ஒப்படைத்துவிட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, கை நடுங்க இரண்டாவது கியர் போட்டேன். நின்றது. பல்லாவரம் மேம்பாலம் முழுக்க அதே கியரிலேயே ஏறினேன். வீட்டு வாசலில் திருப்பும்போது முன் இடது சக்கரத்திலிருந்து மெலிதாக ஒரு டக் டக் கேட்டது. அம்மா உள்ளேயிருந்து, "வண்டி வந்துடுச்சா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.