டூசானில் ஓய்வுக்காலம்: பல வருடத் திட்டம், இதுவரை தெரிந்தது

55 வயதில் வேலையை விட்டுவிட்டு அரிசோனாவின் டூசானுக்குப் போய்விடலாம் என்பது என் மனைவியின் யோசனை. அவர் அமெரிக்கக் குடிமகள், அக்கா குடும்பமும் அங்கேதான். சிங்கப்பூரில் இருந்துகொண்டே பல வருடமாக இதற்கென்று ஓர் எக்செல் கணக்கு வைத்திருக்கிறேன். குளிர்காலம், கோடை இரண்டிலும் அங்கே தங்கியும் பார்த்தாயிற்று.

நவம்பர் முதல் மார்ச் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஸ்வெட்டர், மதியம் அரைக்கைச் சட்டை. ஆண்டு மழையே சுமார் 270 மில்லிமீட்டர்தான். நமக்கு 2,000க்கும் மேல். பொரித்த அப்பளத்தைத் திறந்தே வைத்தாலும் நமுக்காது. ஆனால் உதடு வெடிக்கும். இட்லி மாவு புளிக்க, விளக்கைப் போட்டு ஓவனுக்குள் வைக்க வேண்டும்.

கோடை வேறு கதை. ஜூனில் 40 டிகிரி சர்வசாதாரணம். பழைய வீடுகள் பலவற்றில் ஏசிக்குப் பதில் கூரைமேல் பெரிய ஏர் கூலர். நனைந்த அட்டை வழியாகக் காற்றை இழுத்து வீட்டைக் குளுகுளுவென்று வைக்கும், கரண்ட் செலவும் குறைவு. ஜூலையில் பருவமழைக் காற்றில் ஈரம் ஏறியதும் அதன் பாச்சா பலிக்காது. நம்மூர்ப் பிசுபிசுப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் கூரைமேல் எது இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அப்புறம் தூசி. அந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையால் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் தொற்று வரும். இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விலைவாசியில் பிரச்சினை இல்லை. கார் நம்மூரைவிட எவ்வளவோ மலிவு, ஆனால் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. ஐந்தாண்டு குடியிருந்தாயிற்று, நான் குடிமகனும்கூட என்பதால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுதாக வாடகைக்கு விடலாம். நிரந்தரவாசிகளுக்கு அந்த வசதி கிடையாது.

இடிப்பது வயதுதான். 55இல் மத்திய சேமநிதியில் (சிபிஎஃப்) முழு ஓய்வுக்காலத் தொகையை (2025இல் 213,000 வெள்ளி) ஒதுக்கியது போக மிச்சம்தான் பெரும்பாலும் கைக்கு வரும். சிபிஎஃப் லைஃப் மாதத்தொகை 65இலிருந்துதான். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகேரும் பொதுவாக 65இல்தான். நம் சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் டூசான் மருத்துவமனையில் செல்லாது. ஆக, இடைப்பட்ட பத்து வருடத்துக்குத் தனியார் காப்புறுதிக்கு நாமே அழ வேண்டும். என் எக்செல்லில் என்னை மிரட்டுவது அந்த வரிசைதான், வாடகை அல்ல.

சரி, பாதி வருடம் இங்கே, பாதி வருடம் அங்கே என்றால்? கிரீன் கார்டு எடுத்துவிட்டு நீண்ட காலம் வெளியே இருந்தால் அதற்கே ஆபத்து. உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்கு காட்ட வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தமும் கிடையாது.

அதனால் 65 வரை நான் கிரீன் கார்டு பக்கம் போவதாக இல்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு எஸ்டா என்ற விசா இல்லாப் பயண அனுமதியில் 90 நாள் வரை தங்கலாம். குளிர்காலத்துக்கு அது போதும், பயணக் காப்புறுதியோடு. நேரடி விமானம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மாறுவதென்றால் குடிநுழைவு வரிசைக்கு மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.