பல் செட்டு குத்துதா? உப்புத்தாள், பசை, டாக்டர் நாற்காலி: எது எதற்கு?

பல் செட்டு தரும் தொல்லை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அழுத்தும், இன்னொன்று ஆடும். அழுத்தும் இடத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஆடுகிற செட்டில் இடைவெளியை நிரப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் வம்பு. ஆடுகிற செட்டைத் தேய்த்தால் இன்னும் ஆடும், அழுத்துகிற செட்டுக்குள் பசை பூசினால் இன்னும் அழுத்தும். குழப்பம் என்னவென்றால், ஆடுகிற செட்டும் ஈறை உரசிப் புண்ணாக்கும். எனவே வலியை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

செட்டைக் கழுவி, பசை எதுவும் இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இடது வலது கடைவாய்ப்பல் மேல் வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கினால் ஆட்டம். மேல் செட்டின் முன்பல்லைக் கட்டைவிரலால் மெதுவாக வெளிப்பக்கம் தள்ளும்போது பின்பகுதி சட்டென்று இறங்கினால், அண்ணத்தோடு இருந்த காற்றுப்பிடி போய்விட்டது. கீழ் செட்டு வாயைத் திறந்ததும் எழும்பினால் ஓரம் நீளமாக இருந்து கன்னத்துத் தசை அதைத் தூக்கிவிடக்கூடும். கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் கோடு போலப் புண் இருந்தாலும் ஓரம் நீளம்தான். மெல்லும்போது மட்டும் ஈறின் முகட்டில் வலித்தால் கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும் விதம், சரியில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். கடிக் கோளாறுக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

உப்புத்தாளும் நகம் தேய்க்கும் அரமும்

செலவு இல்லாத வழி. ஆபத்தும் இதில்தான் அதிகம், ஏனென்றால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. செட்டின் அக்ரிலிக் தகடு சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். உள்பக்கத்தில் தவறான இடத்தில் சுரண்டினால் பிடி போகும். சொரசொரப்பான இடத்தில் பூஞ்சைக் கிருமி குடியேறி ஈறு சிவந்து எரியும். மெலிந்த மேல் தகடு ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது நடுவாக்கில் பிளக்கும்.

டாக்டரும் தேய்க்கத்தான் செய்கிறார், ஆனால் கண்மூடித்தனமாக அல்ல. அழுத்தத்தைக் காட்டும் வெள்ளைப் பசையை உள்பக்கம் தடவி, வாயில் வைத்து எடுத்து, பசை விலகி அக்ரிலிக் தெரியும் இடத்தை மட்டும் குறைக்கிறார். பிறகு பாலிஷ் போடுகிறார். கண்ணாடி முன் நின்று செய்தால் குறி 2 மில்லிமீட்டர் தள்ளிப்போவது சகஜம். நல்ல இடம் குறையும், வலிக்கிற இடம் அப்படியே இருக்கும்.

வீட்டில் தொடலாம் என்றால் ஒன்றே ஒன்று: வெளி ஓரத்தில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் கூரான பிசிறு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 600 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஐந்தாறு தடவை இழுங்கள், 1200 நம்பரில் மழுப்புங்கள், நன்றாகக் கழுவிப் போட்டுப் பாருங்கள். ஈறைத் தொடும் உள்பக்கத்தில் கை வைக்க வேண்டாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் மூச்சில் போகும்.

பசை

ஓரளவு தளர்ந்த செட்டுக்கு இது நியாயமான வழி. குழாயில் வரும் கிரீமும் உண்டு, தூளும் உண்டு. செட்டைக் கழுவித் துடைத்து, பட்டாணி அளவில் மூன்று நான்கு புள்ளிகள் வையுங்கள், ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். போட்டுச் சில வினாடி அழுத்திக் கடியுங்கள். வழிந்து வெளியே வந்தால் அளவு கூடிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். மேலும் கீழும் செட்டு உள்ளவருக்கு 68 கிராம் குழாய் ஏழெட்டு வாரம் வர வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லும் கணக்கு. மாதத்துக்கு இரண்டு குழாய் தீர்ந்தால் பிரச்சினை பசையில் இல்லை, செட்டு ஈறை விட்டு விலகியிருக்கிறது.

துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அள்ளிப் பூசியவர்களுக்கு உடலில் செம்புச் சத்து குறைந்து கைகால் மரத்துப்போனதுண்டு. அதனால்தான் 2010-இல் ஒரு பெரிய கம்பெனி துத்தநாகம் சேர்த்த பசைகளை நிறுத்தியது. அட்டையில் ‘துத்தநாகம் இல்லை’ என்று போட்டதையே வாங்குங்கள்.

வீட்டிலேயே உள்பூச்சு

ஆன்லைனில் விற்கும் தூளும் திரவமும், அல்லது மெத்தை மாதிரி ஒட்டும் அட்டை. பார்க்க வசதி. ஆனால் உள்ளே ஒரு பக்கம் தடித்துவிட்டால் கடி உயரும். தாடை எலும்பு அந்தப் பக்கம் சீக்கிரம் தேயும். இறுகும்போது சூடாகும் பொருள் ஈறைச் சுடலாம், ஈறின் குழிவுக்குள் புகுந்து செட்டைக் கழற்ற விடாமலும் பிடித்துக்கொள்ளலாம். பஞ்சு, துணி வைப்பதும் இதே ரகம்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடைந்த செட்டுக்கு ஃபெவிக்விக் போட்டால் விளிம்பு பொருந்தாமல் ஒட்டும், லேப்காரர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். கிராம்பு எண்ணெய் புண்ணை மேலும் சுடும். பாதிப் பல் செட்டின் கம்பியைக் கொறடால் வளைத்தால் முறியும். கொதிநீரில் போட்டால் செட்டு கோணும்.

டாக்டர் நாற்காலி

ஓரம் குறைப்பது சில நிமிட வேலை. புதுச் செட்டுக்கு முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இப்படிப் போவது வழக்கமே, செட்டு மோசம் என்று அர்த்தமில்லை. பழைய செட்டு ஆடினால் ரீலைன் செய்வார்கள்: உள்பக்கம் புதிதாக அச்செடுத்து அக்ரிலிக் நிரப்புவது. பல் இல்லாத தாடை தேய்ந்துகொண்டே இருக்கும், அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் சுமார் நான்கு மடங்கு தேயும். கீழ்ச் செட்டு முதலில் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். புண்ணாகி வீங்கிய ஈறுக்கு முதலில் மென்மையான பூச்சு போடுவார்கள். அது சில நாளில் இறுகிவிடும், மாற்ற வேண்டும்.

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு அரசு வழி எட்டாத தூரமில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க வேண்டும், காலையில் சீக்கிரம் போங்கள்.

அதுவரை இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு வாய் கொப்பளியுங்கள். அண்ணத்தை மூடிய செட்டுக்கு முள் தெரியாது. நெத்திலி, சங்கரா சாப்பிடும்போது முள்ளை விரலால் எடுத்துவிட்டே வாயில் வையுங்கள். செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால், அது செட்டு விவகாரம் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் இன்னும் கவனம்.

டாக்டரிடம் போகும் அன்று செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தாங்க முடிந்தால் அதற்கு முந்தின நாளிலிருந்தே போட்டிருங்கள், இல்லையென்றால் சில மணி நேரமாவது. ஈறில் சிவப்புத் தடம் இருந்தால்தான் எங்கே குறைப்பது என்று அவருக்குத் தெரியும்.