கரும்புகை இல்லை, இழுவையும் இல்லை: பாடியில் ஒரு டீசல் பம்ப் பட்டறை

2006-ஆம் ஆண்டு மாடல் மிட்சுபிஷி பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். ஜீப் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து வெளிவந்த வண்டி அது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய 2835 சிசி டீசல் என்ஜினும், அந்த என்ஜினுக்கு டீசலை அளந்து செலுத்தும், கம்ப்யூட்டர் தலையீடு இல்லாத பழைய இயந்திர வகை டீசல் பம்பும் கொண்டது. ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படித்துச் சொல்வதெல்லாம் இதற்குச் செல்லாது. காதாலும் கையாலும் கண்ணாலும்தான் குறையைக் கண்டறிய வேண்டும். அப்படிக் கண்டறியத் தெரிந்த ஒரு பட்டறையைப் பற்றியே இதை எழுதுகிறேன். சென்னையில் பாடி மேம்பாலத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், உட்தெரு ஒன்றில், இரண்டு வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய தகரக் கொட்டகை அது. பலகையில் டீசல் பம்ப், நாசில் (என்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை) வேலை என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் எழுதப்பட்டிருக்காது.

குறை இதுதான். நகருக்குள் வண்டி நன்றாகவே ஓடியது. மணலிலும் சேற்றிலும் லோ கியரில் முன்பு போலவே இழுத்தது. ஆனால் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போது, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் வண்டி ஏறாது. சிறிது நேரத்தில் 60-க்கு இறங்கிவிடும். சாலையோரத்தில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால், எதுவுமே நடக்காதது போல 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுபடியும் சோர்ந்துபோகும். இதற்கு முன் நான் போன இடத்தில் டீசல் ஃபில்டரை மூன்று முறை மாற்றினார்கள். கழற்றிய ஃபில்டர்கள் ஒவ்வொரு முறையும் சுத்தமாகவே இருந்தன. ஆகவே பம்ப்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, பம்ப், நான்கு நாசில்கள், டர்போ ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளுடன்தான் பாடிக்குப் போனேன்.

பட்டறையை நடத்தும் பெரியவர் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "இழுக்காதப்போ பின்னாடி கரும்புகை தள்ளுதா சார்?" என்பது. இல்லை என்றேன். "அப்போ காத்து குறையல, டீசல்தான் குறையுது," என்றார். இந்த ஒரு வரியை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான்கு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். டர்போ குழாய் கிழிந்தோ ஏர் ஃபில்டர் அடைத்தோ காற்று போதாமல் போனால், பம்ப் தரும் டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். புகையும் இல்லாமல் இழுவையும் இல்லாமல் இருந்தால், எரிய வேண்டிய அளவு டீசலே உள்ளே போகவில்லை என்று பொருள்.

ஆனாலும் அந்த ஊகத்தோடு அவர் ஸ்பேனரை எடுத்துவிடவில்லை. எளிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினார். என்னை உட்கார வைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தச் சொல்லி, பம்பின் லீவர் கடைசி வரை போய் முட்டுகிறதா என்று பார்த்தார். கேபிள் தளர்ந்தாலோ, தடித்த மிதியடி குறுக்கே நின்றாலோ, முழு டீசல் ஒருநாளும் கிடைக்காதாம். ஓட்டிவிட்டு வந்தவுடன் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்து, எந்த பிரேக்காவது பிடித்துக்கொண்டு சூடேறியிருக்கிறதா என்று சோதித்தார். கிளட்ச் வழுக்கவில்லை என்பதை ஏற்றத்தில் உறுதி செய்துகொண்டார். டர்போவின் அழுத்தத்தைப் பம்புக்குத் தெரிவிக்கும் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு மீட்டரை இணைத்தபோது அழுத்தம் சரியாகவே ஏறியது. அந்தக் குழாயின் முனை விறைத்து வெடித்திருந்ததால் அதை மாற்றினார். இந்தக் குழாய் கசிந்தாலும், டர்போ ஒழுங்காக வேலை செய்வது பம்புக்குத் தெரியாமல் போய்ப் புகையில்லாத சோர்வு வரும் என்பதால், இதையும் ஒதுக்கிவிட முடியாது. குழாயை மாற்றிய பிறகு தொடக்க இழுவை சற்றுக் கூடியது. நெடுஞ்சாலைச் சோர்வு மட்டும் போகவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஃபில்டருக்கு வரும் டீசல் குழாயின் ஒரு பகுதியை வெட்டி, அதற்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை இணைத்து, அதைப் பானட் இடுக்கின் வழியாக வெளியே வளைத்து எடுத்து, முன்கண்ணாடியின் கீழ் டேப் போட்டு ஒட்டிவிட்டார். ஓட்டும் என் கண் எதிரே, மஞ்சள் கலந்த டீசல் ஓடுவது தெரிந்தது. பைபாஸ் சாலையில் ஏறி மதுரவாயல், போரூர் வழியாகப் பெருங்களத்தூர் நோக்கிப் போனோம். முதல் பத்து நிமிடம் குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. ஆகவே வழியில் எங்கும் காற்றை உறிஞ்சவில்லை என்றார். பிறகு வேகம் தளரத் தொடங்கிய அதே நேரத்தில், உருண்டையாக இருந்த குழாய் மெல்ல உள்வாங்கி, வாயால் உறிஞ்சிய ஸ்ட்ராவைப் போலச் சப்பையானது. ஓரமாக நிறுத்தி, ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை என்னை அழுத்தச் சொன்னார். அழுத்திய குமிழ் கீழேயே நின்றுவிட்டது, மேலே எழும்பவில்லை. பம்ப் தன் பலத்தோடு உறிஞ்சுகிறது, டேங்கிலிருந்துதான் டீசல் வர மறுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஃபில்டர்கள் சுத்தமாக இருந்ததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடைப்பு ஃபில்டருக்கு முன்னாலேயே இருந்ததால் அழுக்கு ஃபில்டர் வரை வந்து சேரவே இல்லை.

மறுநாள் ஐந்து லிட்டர் கேனில் புதிய டீசலை நிரப்பி என்ஜின் அருகே இறுகக் கட்டி, டேங்கை முற்றிலும் துண்டித்துவிட்டு அதே சாலையில் ஓட்டினார். பம்பிலிருந்து மீதி டீசல் திரும்பும் குழாயையும் மறவாமல் கேனுக்கே திருப்பியிருந்தார். இல்லாவிட்டால் கேன் விரைவில் காலியாகி, சோதனையே தவறான முடிவைத் தந்திருக்கும். போரூரைத் தாண்டியும் வண்டி 100-இல் தளராமல் நின்றது. தேய்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பம்ப், நாசில், டர்போ மூன்றும் அந்த அரைமணி நேரத்தில் குற்றமற்றவை ஆயின.

டேங்கை இறக்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். உறிஞ்சு குழாயின் அடியில் இருந்த சல்லடை, கறுத்த பாகு போன்ற வழவழப்பான படிவத்தால் மூடியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மண்ணைப் போல நெறுநெறுக்காமல் பாசியைப் போல வழுக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வேளச்சேரித் தெருவில் இந்த வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. என்ஜின் ஆயிலையும் கியர் ஆயில்களையும் மாற்றினேனே தவிர, டேங்கின் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைக்கவில்லை. தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இப்படிப் பாகு கட்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து உறிஞ்சும்போது அது சல்லடையில் அப்பிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தியதும் உறிஞ்சல் நின்று, கழன்று அடியில் படிகிறது. தேநீர் இடைவேளைக்குப் பின் வண்டி தேறியதன் காரணம் இதுவே.

நகருக்குள் ஏன் தெரியவில்லை என்பதற்கும் அவர் விளக்கம் சொன்னார். 80-லிருந்து 100-க்குப் போகும்போது காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஏறக்குறைய இரு மடங்குத் திறன் வேண்டும். பெட்டி போன்ற உயரமான வண்டிக்கு அது பெருஞ்சுமை. நகரில் அந்தத் திறனில் ஒரு பங்கே போதுமென்பதால், பாதி அடைபட்ட சல்லடையும் போதுமானதாகிவிடுகிறது. நான் போட்டிருக்கும் பெரிய அளவு டயர்களைக் காட்டி, இதனால் குறைந்த இழுவையை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னார். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று அஞ்சாமல் இப்படிச் சொல்பவர் மீது எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

டேங்க் கழுவல், சல்லடை, குழாய்கள், ஃபில்டர், இரண்டு நாள் சோதனைக் கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. கண்டறியும் வேலைக்குத் தனியாக 1,500 ரூபாய் வாங்குகிறார். வேலையை அவரிடம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். இது மிகச் சரியான முறை என்பது என் கருத்து. கண்டறிதலுக்குக் கூலி கிடைப்பதால், உதிரிப் பாகம் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சோதனைகளின் முடிவை எழுதித் தருவதில்லை, நானேதான் குறித்துக்கொண்டேன். இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர், மீட்டர் காட்டிய அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு உதவும்! தொலைபேசியை மாலை ஆறு மணிக்கு முன் எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வகை காமன்ரெயில் டீசல் வண்டிகளை ஏற்பதில்லை. மழைக்காலத்தில் கொட்டகையின் முன் தண்ணீர் தேங்குவதால், அக்டோபருக்கு முன்பே போய்விடுவது நல்லது.

வேலை முடிந்தபின் திண்டிவனம் வரை இரண்டு முறை போய் வந்தேன். பாலாற்றுப் பாலத்தில் வேகமுள் கீழே இறங்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஃபில்டரை மீண்டும் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார், எஞ்சிய பாகு வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அங்கே போகிறவர்கள் டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் நிரப்பிக்கொண்டு போனதால், அதை வடித்து எடுக்கவே ஒரு முற்பகல் போய்விட்டது.