ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டர் கிட்: ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள், பித்தளையை மாற்றாதீர்கள்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஃபிட்டராக இருக்கிறேன். என் வண்டி 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. போன மாதம் ஸ்டாண்ட் போட்ட இடத்தில் தினமும் உள்ளங்கை அகலத்துக்குப் பெட்ரோல் ஈரம் தெரிய ஆரம்பித்தது. ராத்திரி பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் காலையில் திண்ணை முழுக்க நாற்றம். கூடவே இன்னொரு தொல்லை: ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி அணைந்துவிடும், சோக் போட்டால்தான் ஓடும். ஈரோட்டில் 280 ரூபாய்க்கு ஒரு கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கி வீட்டிலேயே வேலை பார்த்தேன். அந்த கிட்டைப் பற்றித்தான் இது. கம்பெனி பெயர் வேண்டாம். எந்தக் கிட்டை வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கிட் வாங்கும் முன், குற்றம் கார்புரேட்டரில்தானா என்று பார்த்துவிடுங்கள். நான் முதலில் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பார்த்தேன். தாராளமாக வந்தது, எனவே டேப்பில் அடைப்பு இல்லை. பிளக்கைக் கழற்றினேன், பொறி நன்றாக இருந்தது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஃப்ளோட் கிண்ணத்தை, அதாவது மிதவையோடு பெட்ரோல் தங்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை, மெல்லத் தட்டினேன். சொட்டுவது நின்றது. அரை மணி நேரத்தில் மறுபடியும் ஆரம்பித்தது. தட்டியதும் நிற்கிறது என்றால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வழியை மூடும் ஃப்ளோட் ஊசி உட்காருகிற இடத்தில் தூசி இருக்கிறது, அல்லது ஊசியே தேய்ந்திருக்கிறது.

கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு வெள்ளைப் பீங்கானில் பிடித்தேன். பெட்ரோலுக்கு அடியில் நீர் முத்து முத்தாக உருண்டது, பச்சையும் வெள்ளையுமாகக் கொஞ்சம் பொடியும் இருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த நீர் கிண்ணத்தின் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஐடிலிங்குக்கு (ஆக்சிலேட்டரை விட்டபின்னும் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கு) பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் என்ற பித்தளைத் துண்டின் துளை முடி கனம்தான், எனவே முதலில் அடைபடுவதும் அதுதான். சோக் போட்டால் ஓடி, விட்டால் அணைவதன் காரணம் அங்கே தெரிந்துவிட்டது.

கழற்றும்போது இரண்டு விஷயம். இந்த வண்டியின் மிகுனி கார்புரேட்டரில் கிண்ணத் திருகுகள் ஜப்பான் அளவில் வெட்டியவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராது, தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை உள்ள டிரைவர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். இன்னொன்று, என் மகன் சொன்னது: "அப்பா, ஒவ்வொண்ணு கழட்டறதுக்கு முன்னாடியும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம்." எடுத்தோம். ஐடிலிங்கில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே முழுக்கத் திருப்பி எண்ணினேன், ஒன்றரைச் சுற்று. அதைக் காகிதத்தில் எழுதி வைத்தேன். வேலையை வெளிவாசலில், வெளிச்சத்தில் செய்தோம். அடுப்பு எரியும் வீட்டுக்குள் பெட்ரோல் கிண்ணத்தைத் திறக்கவே கூடாது.

கிட்டுக்கு வருகிறேன். உள்ளே இருந்தவை: கிண்ண கேஸ்கெட், சின்ன ஓ ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), ஃப்ளோட் ஊசியும் அதன் சீட்டும், ஸ்லோ ஜெட், முழு ஆக்சிலேட்டருக்குப் பெட்ரோல் தரும் மெயின் ஜெட், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஜெட் நீடில் என்ற ஊசி, ஏர் ஸ்க்ரூ, ஒரு ஸ்பிரிங்.

கேஸ்கெட் நன்றாக இருந்தது. பழையது ஊறிப் பெருத்துத் தன் பள்ளத்திலேயே உட்கார மறுத்தது. புதியதைப் போடும் முன் ஒரு ஓ ரிங்கை மட்டும் பெட்ரோல் பாட்டிலில் இரண்டு நாள் ஊறவைத்து வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். கனம் மாறவில்லை, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. இப்போதைய பெட்ரோலுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். பழைய வண்டிகளில் முதலில் போவது ரப்பர்தான்.

பித்தளையில்தான், அதாவது ஜெட்டுகளிலும் ஊசிகளிலும்தான், எனக்குக் கோபம் வந்தது. புதியதுதானே என்று முதலில் கிட்டில் வந்த எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். சொட்டுவது நின்றது, ஐடிலிங்கும் அணையாமல் ஓடியது. சந்தோஷமாகச் சங்ககிரி ரோட்டில் எடுத்துப் போனேன். பாதி ஆக்சிலேட்டர் வரை பரவாயில்லை. முழுக்கத் திருகியதும் பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி இழுக்க மறுத்தது, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகக் கொதித்தது. ஓரம் கட்டி, ஆறவிட்டு, பிளக்கைப் பார்த்தேன். காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் இப்படித்தான் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் இதோடு வேகமாக ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

பழைய மெயின் ஜெட்டிலும் கிட்டின் மெயின் ஜெட்டிலும் அதே எண்தான் பொறித்திருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மெல்லிய வயர்களை உரித்து, வெவ்வேறு கனத்தில் ஒற்றைச் செம்பு இழைகள் எடுத்து இரண்டிலும் விட்டுப் பார்த்தேன். பழையதில் தாராளமாக நுழைந்த ஓர் இழை புதியதில் நுழையவே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளையின் ஓரத்தில் டிரில் பிசிறு நின்றது. ஜெட் நீடில்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், கூர்மை தொடங்கும் இடமே வேறு. கிட்டின் ஃப்ளோட் ஊசி பழையதைவிட அரை மில்லிமீட்டர் அதிக நீளம். அவ்வளவுதானே என்று தோன்றும். ஊசி நீளமானால் கிண்ணம் நிறையும் முன்பே வழியை மூடிவிடும், உள்ளே பெட்ரோல் மட்டம் தாழும், எல்லா ஜெட்டுக்கும் வரத்துக் குறையும். தறியில் அரை மில்லி தப்பினால் நூல் அறுவது கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரியாமலே எஞ்சின் போயிருக்கும். எண்ணைச் சரியாகப் பொறித்துத் துளையைத் தப்பாகப் போட்டு விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, பழைய ஜெட்டுகளையே சுத்தம் செய்தேன். ஸ்லோ ஜெட்டுக்குள் ஒருபோதும் இரும்புக் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து அரை மணி நேரம் விட்டேன், அப்புறம் தறிக்கூடத்தின் கம்ப்ரசர் காற்றால் ஊதினேன். ஜெட் மட்டும் போதாது, கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் சின்ன வழிகள் ஒவ்வொன்றிலும் அடிக்க வேண்டும். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையில் பீய்ச்சும். கண்ணாடி போட்டிருந்ததால் என் கண் தப்பியது.

பழைய ஃப்ளோட் ஊசியின் முனையில் மோதிரம் மாதிரி தேய்ந்த கோடு விழுந்திருந்தது, அதை மாற்றியே ஆக வேண்டும். சேலத்தில் பழைய ஸ்டாக் வைத்திருக்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் என் பழைய ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கிட்டு எதுக்கு தம்பி? இது மட்டும் போதும்" என்று 190 ரூபாய்க்கு ஊசியும் சீட்டும் கொடுத்தார். வெர்னியரில் அளந்தேன், பழையதின் நீளமேதான். கிட் இருநூற்றுச் சொச்சத்துக்கு எட்டுப் பொருள் தந்தது, இவர் அதற்குக் கொஞ்சம் குறைவாக ஒரே ஒரு சரியான பொருள் தந்தார். நான் இவர் பக்கம்.

மாட்டியதும் வண்டியில் ஏற்றும் முன் ஒரு சோதனை: கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான குழாயைச் செருகி ஊதுங்கள். ஃப்ளோட்டின் எடையில் ஊசி மூடியிருக்கும், காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தடையில்லாமல் போக வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கியும் பார்த்துவிடுங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை.

ஏர் ஸ்க்ரூவைப் பழைய ஒன்றரைச் சுற்றில் வைத்து, எஞ்சின் சூடானபின் கால் சுற்று வெளியே எடுத்தேன், ஐடிலிங் சீரானது. இந்த மாடலில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும்.

நானூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. பிளக் காபி நிறம், ஸ்டாண்டின் அடியில் தரை காய்ந்திருக்கிறது. இந்தக் கிட்டுக்கு ஐந்துக்கு இரண்டு தருவேன், இரண்டும் ரப்பருக்கு. கடையில் கேஸ்கெட்டும் ஓ ரிங்கும் தனியாகத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். கிட்டாகத்தான் வாங்க வேண்டியிருந்தால், வெர்னியரும் பழைய ஊசியும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பாருங்கள். பழைய ஜெட்டுகளை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.